ஒக்கலிபுரத்தில் நான் போட்ட டிக்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். குழாயில் எச்சில் வாங்குவது, படிவம் நிரப்புவது, பெட்டியில் அடுக்கிக் கொண்டுவருவது எல்லாம் பயிற்சி வகுப்பில் இரண்டே நாளில் வந்துவிடும். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. இருபத்தாறு வருடம் இந்த வேலையில் இருந்தேன். அதில் ஒரே ஒரு காரியத்தைத்தான் எழுதப் போகிறேன். நல்ல காரியம் இல்லை. ஒரு பெண்மீது எனக்கு இருந்த பொறாமையில் செய்தது.

நம் வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இப்படிச் சொல்வது வழக்கம்: இந்த நாட்டு மக்களின் முன்னோர்கள் எப்போது, எந்த வழியாக இங்கே வந்து, யாரோடு யார் கலந்து, இன்று இருக்கும் நாமாக ஆனார்கள் என்பதை நம் உடம்பிலேயே தேடுவது. காட்டில் வேட்டையாடித் திரிந்த மிகப் பழைய ஆட்கள், மேற்கிலிருந்து வந்தவர்கள், அவர்களுக்கும் வெகுகாலம் கழித்து மாடு கன்றோடு வடமேற்குப் பக்கமிருந்து இறங்கியவர்கள் என்று பலர் நம் எல்லோருக்குள்ளும் வெவ்வேறு அளவில் இருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்கும் விஞ்ஞானிகள் ஆய்வகத்துக்குள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எச்சில் கொண்டுவந்து கொடுக்கும் ஆட்கள் நாம். கதவைத் தட்டுவது நாம். கதவு திறக்காவிட்டால் ஆய்வகத்தில் வேலையே இல்லை.

நான் திருப்பத்தூர்க்காரன். மானுடவியலில் முதுகலை. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். நீலகிரியிலும் வயநாட்டிலும் ராயலசீமையிலும் நடந்து எச்சில் மாதிரி சேகரித்தவன். அலுவலகத்தில் கதவு தட்டும் வேலைக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெங்களூரிலேயே நகரத் தமிழர்களிடம் மாதிரி எடுக்கும் திட்டம் வந்தபோது எனக்கு உதவிக்கு என்று கௌதமியைச் சேர்த்தார்கள். ஒக்கலிபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். லேப் டெக்னீஷியன் டிப்ளமோ. என்னைவிட இருபது வயது சின்னவர்.

முதல் மாதம் தொம்மலூர். ஆபீஸ் கட்டடங்களுக்குப் பின்னால் பழைய ஊரின் சந்துகளில் நான் மூன்று நாள் தனியாக நடந்தேன். படிவத்தில் என்ன வரிசையோ அதே வரிசையில் கேட்பேன்: ஜாதி, உட்பிரிவு, பூர்வீகம். ஒரு வீட்டில் ஒரு பெண்மணி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஜாதி கேக்கறதுக்குதான் கவர்மெண்டே ஆள் அனுப்புதே சார். நீங்க வேற எதுக்கு?"

கதவைச் சாத்திவிட்டார். மூன்று நாளில் எனக்குக் கிடைத்தது இரண்டு குழாய். நான்காம் நாள் கௌதமி அதே கதவைத் தட்டினார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது சாதாரணமாகக் கேட்டார்.

"உங்க வீட்ல மொதல்ல பெங்களூருக்கு வந்தது யாரு ஆன்ட்டி?"

அந்தப் பெண்மணி அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். மாமனாரின் அப்பா கோலார் சுரங்கத்தில் இருந்தது, அங்கிருந்து இங்கே வந்து வெள்ளைக்காரன் வீட்டில் தோட்ட வேலை செய்தது, அதற்கு முன்னால் ஆம்பூர்ப் பக்கம் இருந்தது என்று எல்லாம் வந்தது. நான் கேட்டுக் கிடைக்காத ஜாதியும் உட்பிரிவும் யாரும் கேட்காமலேயே நடுவில் வந்து விழுந்தன. அந்தச் சந்தில் அன்று ஒரே காலையில் பதினோரு பேர் எச்சில் துப்பினார்கள். நான் குழாய்களில் எண் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

பொறாமை அன்றே ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் சந்தாபுரா. அங்கே ஒரு டீக்கடை முன்னால் இரண்டு பேருக்குள் வாக்குவாதம். ஒருவர் தங்கள் ஆட்கள்தான் இந்த மண்ணின் முதல் ஆட்கள் என்கிறார். இன்னொருவர், நீங்களே தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள்தானே என்கிறார். குரல் ஏறிக்கொண்டே போனது. நான் இடையில் புகுந்து, ஆப்பிரிக்காவிலிருந்து தொடங்கி ஒரு பாடமே நடத்தினேன். இரண்டு பேருமே என் பக்கம் திரும்பவில்லை. கௌதமி பெஞ்சில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"அண்ணா, எல்லா வீட்டுக்கும் நாலு வழில ஆளுங்க வந்து சேந்திருக்காங்க. ரொம்பப் பழைய ஆளு உங்க ஒடம்புலயும் இருக்காரு, அவரு ஒடம்புலயும் இருக்காரு. யாருக்கு எவ்ளோ பங்குன்னு பாக்கத்தான் நாங்க வந்திருக்கோம்."

"அப்ப எனக்குத்தான் ஜாஸ்தி இருக்கும், எடும்மா" என்றார் முதல் ஆள். இரண்டாமவரும் விடவில்லை, அவரும் துப்பினார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் எங்கள் திட்டத் தலைவர், நாங்கள் மேடம் என்றே அழைப்போம், அந்த வாக்கியத்தை எல்லா விஞ்ஞானிகளுக்கும் எடுத்துச் சொன்னார். "கௌதமி சொன்ன மாதிரி" என்று ஆரம்பித்தார். அதன்பிறகு வாரத்துக்கு ஒருமுறையாவது "கௌதமி சொன்ன மாதிரி" காதில் விழும். இருபத்தாறு வருடத்தில் நான் சொன்ன மாதிரி என்று யாரும் எதையும் சொன்னதில்லை.

பொறாமை பெரிய ஆயுதத்தோடு வரும் என்று நினைக்காதீர்கள். என்னிடம் அது சில்லறையாகத்தான் வந்தது. அவருடைய படிவங்களில் எழுத்துப் பிழைகளைத் தேடித் தேடிச் சிவப்பு வட்டம் போட்டேன். தூரமான இடங்களை அவருக்கு ஒதுக்கினேன். யாராவது போன் செய்து "கௌதமி மேடம் இருக்காங்களா" என்று கேட்டால், அவர் பக்கத்து மேசையில் இருக்கும்போதே "லீவு" என்று சொல்லி வைத்தேன். அவருக்கு அது கேட்டிருக்கும். ஒருநாளும் கேட்ட மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒக்கலிபுரம் கடைசியில் வந்தது. அவருடைய சொந்த இடம். ரயில்வே லைனை ஒட்டிய தெருக்கள். ரயில்வேயிலும் மில்லிலும் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். சில வீடுகளில் முருகன் படம், சில வீடுகளில் புத்தர். கௌதமி வீட்டில் புத்தர். அங்கே எனக்கு வேலையே இருக்கவில்லை. அவர் நடந்து போனால் கதவுகள் தாமே திறந்தன. அறுபது பேர் கொடுத்தார்கள்.

கொடுத்தவர்களுக்கு நாங்கள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தோம். ஒவ்வொருவருக்கும் இரண்டு தாள் தருவோம். ஒன்றில் அம்மா வழி, இன்னொன்றில் அப்பா வழி. அம்மா வழி என்பது தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் இறங்குவது. அப்பா வழி ஆணிடமிருந்து ஆணுக்கு மட்டும் இறங்குவது. அந்த வழியில் வந்த மிகப் பழைய முன்னோர்கள் எந்தப் பக்கம் இருந்திருப்பார்கள் என்று எளிய தமிழில் நாலு வரி இருக்கும். பெண்களுக்கு அம்மா வழி மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவின் சங்கக் கூடத்தில் வைத்துக் கொடுப்பதாக ஏற்பாடு.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மதியம் தாள்களெல்லாம் என் மேசைக்கு வந்தன. வெளியே போகும் ஒவ்வொரு தாளையும் சரிபார்த்து மூலையில் டிக் போடுவது என் பொறுப்பு. பாதி முடிந்திருக்கும்போது ஒரு வீட்டு எண் இரண்டு முறை வந்தது. அண்ணன் முனிரத்தினம், தம்பி சுகுமார். அப்பா பெயர் ஒன்றே. அம்மா பெயர் ஒன்றே. அம்மா வழித் தாளில் இருவருக்கும் ஒரே விவரம். அப்பா வழித் தாளில் இரண்டும் வேறு வேறு.

இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குப் புரியும். எனக்கும் உடனே புரிந்தது. அவர்கள் இருவருக்கும் தாய் ஒருத்தி, தகப்பன் ஒருவர் இல்லை.

நம் விதிப்படி ஒரே வீட்டில் இரண்டு பேரிடம் எடுக்கவே கூடாது. கணக்குக்கு ஒருவர் போதும், இரண்டு பேர் இருந்தால் ஆய்வு கெடும். தம்பி "எனக்கும் எடுங்கக்கா" என்று பிடிவாதம் பிடித்ததால் கௌதமி இரண்டாவது குழாயை எடுத்ததாகப் படிவத்தில் குறிப்பு இருந்தது. அது அவர் செய்த சின்ன தவறு. அப்படி வருவதைக் கண்டுபிடித்து நீக்குவதற்குத்தான் என்னை அங்கே உட்கார வைத்திருந்தார்கள். நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த நான்கு தாளையும் உருவி எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போயிருக்க வேண்டும். இருபது அடி தூரம்.

நான் படிவத்தில் இருந்த கௌதமியின் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் முன்னால் யாராவது இதைக் கேட்பார்கள், இவருக்கு வாய் அடைத்துப் போகும் என்று தோன்றியது. அவருக்கு வாயடைத்துப் போவதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றிருந்தது. நான்கு தாள்களிலும் டிக் போட்டு அடுக்கில் வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தக் குடும்பம் என் நினைப்பிலேயே வரவில்லை. அவர்களுக்கு ஓர் அம்மா இருக்கிறார், அவரும் கூடத்துக்கு வருவார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. மேடம் பத்து நிமிடம் பேசினார். பிறகு கௌதமி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுத் தாள் கொடுத்தார். கூடம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. ஒருவர் தாளை இன்னொருவர் வாங்கிப் பார்ப்பதும், "எங்க ஆளு நடந்தே வந்திருக்காண்டா" என்று சிரிப்பதுமாக இருந்தார்கள். நான் முன்வரிசை ஓரத்தில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

சுகுமார் எழுந்தார். ஒரு ஐ.டி. கம்பெனிக்கு வண்டி ஓட்டுபவர், முப்பது வயது இருக்கும்.

"அக்கா, இத கொஞ்சம் பாருங்க. அண்ணனுக்கு அப்பா வழி ஒண்ணு போட்டிருக்கு, எனக்கு வேற போட்டிருக்கு. அப்படி வருமா?"

பக்கத்தில் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். ஒருவர் சிரிப்பை நிறுத்தினார். பிறகு இன்னொருவர். முனிரத்தினம் தன் தாளை மடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசையில் பெண்களுக்கு நடுவே சரோஜாம்மா, அவர்களுடைய அம்மா, உட்கார்ந்திருந்தார். அவரை நான் அப்போதுதான் பார்த்தேன்.

கௌதமி இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தார். மூன்றாவது வரிசையைப் பார்த்தார். அடுத்து என்னைப் பார்த்தார். நான் குனிந்து ஃபைலைப் புரட்டினேன்.

"சுகு, இது என் தப்புடா" என்றார் கௌதமி. குரல் நிதானமாக இருந்தது. "நேத்து நாந்தான் தாள அடுக்கி பின் அடிச்சேன். அப்பா வழித் தாளு வேற யாரோடதோ உள்ள பூந்துட்ச்சு. குடு, மாத்திக் குடுக்கறேன்."

பின்னாலிருந்து ஒரு குரல். "அப்ப எங்களுதும் மாறியிருக்குமா?"

"மாறியிருக்கும். எல்லாரும் திருப்பிக் குடுத்துடுங்க."

வரிசை வரிசையாகப் போய் அவரே தாள்களைத் திரும்ப வாங்கினார். சிலர் கொடுக்க மனமில்லாமல் கொடுத்தார்கள். சங்கத்தின் பெரியவர் ஒருவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஒரு வருஷமா எங்கள எச்சி துப்ப வெச்சு, கடைசில ஒரு தாள ஒழுங்கா குடுக்கத் தெரியலையா? நம்ம தெரு பொண்ணுன்னு நம்பி வந்தோம். இன்னாத்துக்கு இந்த வேல ஒனக்கு?"

கௌதமி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவருடைய அப்பாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

நான் பார்க்க விரும்பியது நடந்துவிட்டது. அவர் அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்து நின்றார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அந்தப் பதில் அவருக்கு எவ்வளவு சீக்கிரம் வந்தது என்றுதான். இரண்டு பேரைப் பார்க்கும் நேரத்துக்குள் வந்துவிட்டது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் எனக்கு வந்திருக்காது. அங்கேயும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். வெட்கம் அதற்கு அப்புறம், மெதுவாக வந்தது.

மறுநாள் மேடம் கௌதமியைக் கூப்பிட்டுப் பேசினார். இனி அவர் வெளியே போக வேண்டாம், ஸ்டோரில் உட்கார்ந்து குழாய்களைக் கணக்கெடுக்கட்டும் என்று முடிவானது. ஒரு தெருவே நம்பிக்கை இழந்துவிட்டது, மேடத்தின் கோபத்தில் நியாயம் இருந்தது. அறுபது பேர் தாள்களையும் மறுபடி சரிபார்த்துச் சொல்லும்படி என்னிடம் கொடுத்தார். எதுவும் மாறவில்லை என்பது எனக்குத் தெரியும். "பார்த்துக்கிட்டிருக்கேன் மேடம்" என்று நாளைக் கடத்தினேன்.

சுகுமார் விடவில்லை. தினமும் போன். "சரியான தாளு எப்ப சார் வரும்? ஃப்ரெண்ட்ஸெல்லாம் கேக்கறாங்க." ஒருநாள் மேடமே அந்தப் போனை எடுத்துவிட்டார். வைத்ததும் என்னிடம் வந்தார்.

"அந்த வீட்டுக்கு மட்டும் நீங்களே இன்னிக்குப் போய்க் குடுத்துட்டு, மன்னிப்பும் கேட்டுட்டு வாங்க."

என்ன செய்வது என்று அரைமணி நேரம் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். பிறகு முனிரத்தினத்தின் தாளைத் திறந்து, தம்பியின் அப்பா வழி விவரத்தை அப்படியே அதில் ஒட்டி அச்சடித்தேன். இரண்டு நிமிட வேலை. யாருக்கும் தெரியாது. அந்த வீடு நிம்மதியாக இருக்கும், என் டிக் வெளியே வராது. இதுதான் கருணை என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாளை உறையில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு ஒக்கலிபுரம் போனேன்.

ஒற்றை அறையும் அதன் பின்னால் ஒரு சமையல் மறைவும். சுவரில் அவர்கள் அப்பாவின் படம், ரயில்வே சட்டையோடு. சரோஜாம்மா டீ கொண்டுவந்து வைத்தார். பல வருடம் கார்மென்ட்ஸில் தையல் மெஷினில் உட்கார்ந்தவர், முதுகு லேசாக வளைந்திருந்தது. சுகுமார் என் எதிரில் ஸ்டூலில். முனிரத்தினம், ஒரு ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியன், கதவோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"குடுங்க சார்" என்றார் சுகுமார்.

"வேணாம்டா, வுடு" என்றார் முனிரத்தினம். "அது இல்லாம இத்தினி நாள் நல்லாதான கீறோம்."

"நீ சும்மாரு. எல்லாரும் நம்மளப் பத்தித்தான் பேசிகினு கீறாங்க. வாயில அடிச்ச மாதிரி தாள காட்டணும்."

நான் பைக்குள் கையை விட்டேன். உறை கையில் பட்டது. அப்போது சரோஜாம்மா கேட்டார்.

"அதுல போட்டிருக்கறது நெசந்தானா சார்?"

மிரட்டும் குரல் இல்லை, கெஞ்சும் குரலும் இல்லை. கடையில் பொருளை எடுத்துக் காட்டி, நல்லதா என்று கேட்கும் குரல். அவர் என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். தன் வீட்டில் பொய்யான தாள் ஒன்று நுழைவதை அவர் விரும்பவில்லை என்று எனக்குப் பட்டது. உறையை விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தேன்.

"தாள் குடுக்கலீங்க" என்றேன். "குடுக்கவும் முடியாது. எங்க விதிப்படி ஒரு வீட்ல ஒருத்தர்கிட்டதான் எடுக்கணும். ரெண்டு பேருது வந்தா அத நீக்க வேண்டியது என் வேலை. நான் பாத்தேன், பாத்தும் நீக்கல. கௌதமி மேல தப்பு இல்ல. தப்பு என்னுது. நீங்க ரெண்டு பேரும் சரின்னா, உங்க சாம்பிள், தாளு எல்லாத்தையும் அழிச்சிடறோம். வேணாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. படிவத்துல ஒரு கையெழுத்து போதும்."

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எல்லாவற்றையும் சொல்லவும் இல்லை. எது சொல்ல வேண்டியது, எது என்னுடையது இல்லை என்று பிரிப்பதற்கு அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரு டீ ஆறும் நேரம். வெள்ளிக்கிழமை மதியம் எனக்கு முழு மதியமும் இருந்தது.

பையில் எப்போதும் இருக்கும் விலகல் படிவத்தையும் பேனாவையும் எடுத்தேன். சுகுமாருக்குக் கோபம். "அப்ப நாம எங்கேருந்து வந்தோம்னு தெரியாமலே பூடுமா?"

முனிரத்தினம் எழுந்து வந்து என் கையிலிருந்து பேனாவை வாங்கினார்.

"நாம எங்கேருந்து வந்தோம்? அதோ குந்தினு கீறாங்களே, அவங்ககிட்டேருந்து வந்தோம். போடுடா கையெழுத்து."

அவர் முதலில் போட்டார். சுகுமார் அண்ணனைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். போட்டார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. அண்ணனுக்கு முன்பே தெரியுமா என்பதும் எனக்குத் தெரியாது. அந்த அம்மாவின் வாழ்க்கையில் என்ன நடந்தது என்பதும் தெரியாது. தெரிந்துகொள்ள நமக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை.

நான் செருப்பு மாட்டும்போது சரோஜாம்மா வாசல்வரை வந்தார்.

"அந்தப் பொண்ண ஸ்டோர்ல தள்ளிட்டாங்களாமே?"

"ஆமாங்க."

"அவ ஏன் சார் ஏச்சு வாங்கணும்? போய் சொல்லுங்க."

சொன்னேன். அன்று மாலையே மேடத்திடம் போய் வெள்ளிக்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அச்சடித்த பொய்த் தாளையும் மேசைமேல் வைத்தேன். மேடம் அதை எடுத்துப் படித்தார்.

"ஏன்?" என்றார்.

"பொறாமை, மேடம்."

அவர் திட்டவில்லை. "கௌதமி அங்க பொய் சொன்னாங்க. அந்த இடத்துல அவங்களுக்கு வேற வழி இல்ல. அவங்கள அந்த இடத்துல கொண்டுபோய் நிறுத்தினது நீங்க" என்றார். "ரெண்டு பேர் தாள உருவி எடுக்க எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

அடுத்த வாரம் கௌதமியிடம் களப்பணி முழுவதும் ஒப்படைக்கப்பட்டது. நான் ஸ்டோருக்குப் போனேன், ஓய்வு பெறும்வரை அங்கேதான். அதற்கு முன்னால் மேடத்தோடு சங்கக் கூடத்துக்குப் போய், தாள்களைச் சரிபார்க்க வேண்டியவன் நான்தான், தவறு என்னுடையது என்று சொன்னேன். பெரியவர் எனக்கும் ஏச்சில் குறை வைக்கவில்லை. ஆனால் தாள்களைப் பின் அடித்ததில் தவறே நடக்கவில்லை என்று நான் அங்கே சொல்ல முடியாது. சொன்னால் அந்த வீட்டின் கதவைத் தெருவுக்கே திறந்து வைத்த மாதிரி ஆகிவிடும். அதனால் ஒக்கலிபுரத்தில் சிலர் இன்றும் கௌதமிதான் தாளை மாற்றிப் போட்டார் என்று நினைக்கிறார்கள். அவர் அப்படியே விட்டுவிட்டார். அதைச் சரிசெய்ய எனக்கு வழியில்லை. இப்போது நாம் ஆளுக்கு ஆள் தாள் கொடுக்காமல், தெருவுக்குப் பொதுவாக ஒரே விவரம் சொல்வதும், இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்ப்பதும் இதனால் வந்தவைதான்.

ஸ்டோர் சாவியை வாங்கிக்கொள்ளப் போனபோது கௌதமியிடம் மன்னிப்புக் கேட்டேன். பெட்டிகளை எண்ணிக்கொண்டே, "தெரியும் சார்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீங்க பாத்துட்டுதான் டிக் போட்டீங்கன்னு. அந்த நாலு தாள்ல மட்டும் டிக்கு அழுத்தமா இருந்துச்சு, பின்பக்கம் வரைக்கும்."

"தெரிஞ்சும் மேடத்துகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா மேடம் தாள எடுத்துப் பாப்பாங்க. அவங்க பாத்தா இன்னும் நாலு பேரு பாப்பாங்க. எனக்கு ஸ்டோர் பரவால்ல சார். அந்தம்மா அதே தெருவுல தான தண்ணி புடிக்கணும்."

மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. பெட்டிகள் நூற்று நாற்பது, சரியாக இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள் என்றார். போட்டேன்.

உங்களில் யாராவது பக்கத்து மேசைக்காரரைப் பார்த்து வயிறெரிந்தால் அதை நிறுத்தச் சொல்லமாட்டேன். என்னால் நிறுத்த முடியாததை உங்களிடம் கேட்க எனக்கு என்ன தகுதி. ஆனால் அந்த எரிச்சலோடு ஒரு தாளைக் கையில் எடுத்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால், அதைக் கீழே வைத்துவிட்டு இன்னொருவரிடம் கொடுங்கள். அந்தத் தாளின் மறுமுனையில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதை உங்களுக்குக் கொடுக்கும் முன்னால் கௌதமியிடம் படிக்கக் கொடுத்தேன். யாரும் அடையாளம் காணாதபடி பெயர், தெரு, தொழில் எல்லாவற்றையும் அவரே மாற்றிக் கொடுத்தார், தன் பெயர் உட்பட. மாற்றிய பெயர்கள் நான் வைத்திருந்தவற்றைவிடப் பொருத்தமாக இருந்தன. ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் முழுதாக அடித்துவிட்டார். கூடத்தில் அந்த அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று நான் வருணித்திருந்த வாக்கியம். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியது, இந்தக் கட்டுரையிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். ஏன் அடித்தீர்கள் என்று கேட்டேன்.

"அது நம்மளுது இல்ல சார்" என்றார்.

அந்த வாக்கியம் இல்லாமல் ஒருமுறை படித்துப் பார்த்தேன். இல்லாமல்தான் நன்றாக இருக்கிறது. வயிறு எரிந்தது.